பட்டாபிராமன் சார் வளர்த்த புழுக்கள்

பசுமலையில் எங்கள் தெரு முனையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் உட்கார்ந்தால் போதும், யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் வீட்டுக் குப்பை யார் வீட்டு வாசலுக்கு நகர்கிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய? தொழிலைப் பார்க்காமல் தெருவைப் பார்க்கிறேன் என்று வீட்டில் வாங்கிக்கட்டிக்கொள்வதுதான் மிச்சம். ஆனால் பட்டாபிராமன் சாரைப் பற்றிச் சொல்ல இந்தத் தெருவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பாதி நான் பார்த்தது. மீதி அவரே என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது.

அவர் ரயில்வே மெயில் சர்வீஸில் இருந்தவர். ஓடுகிற ரயிலில் நின்றபடியே கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அறைகளில் போடுகிற வேலை. ஆயுசில் பாதிக்கு அதையே செய்த கை, ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க மறுத்தது. முதலில் வீட்டுச் செருப்புகளைப் பிரித்து அடுக்கினார். பிறகு சமையலறைக்குள் போய்ப் பருப்பு டப்பாக்களில் கை வைத்தார். அவர் மனைவி ஜகதாம்பாள் மாமி அன்றைக்கே அவரை வாசலுக்கு விரட்டிவிட்டார். வாசலில் இலை கிடந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் மரத்துக்குக் குறைவில்லை. வேம்பு, மா, பாதாம், வீட்டுக்கு வீடு செம்பருத்தி. காலையில் வரும் குப்பை வண்டியில் சமையலறைக் குப்பைக்கே இடம் சரியாக இருக்கும். இலை தழைக்கெல்லாம் இடம் ஏது? அதனால் ஜனங்கள் கூட்டிப் பெருக்கித் தெரு முனையில் குவித்துக் கொளுத்துவார்கள். தெரு முனை என்றால் என் கடை வாசல். புகையில் நானும் மெஷினும் சேர்ந்து இருமுவோம். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். "உன் கடைக்கு முன்னாடியே நாங்க இங்கதான் கொளுத்துனோம்" என்றார்கள். அதற்கு மேல் என்ன பேச?

பட்டாபிராமன் சார் சண்டை போடவில்லை. பழைய டிரை சைக்கிள் ஒன்றை வாங்கி, மூன்று பக்கமும் தகரம் அடித்தார். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலையில் பூஜை மணியை அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். தெருக் கடைசியில் ஒரு காலி மனை இருந்தது. சொந்தக்காரர் துபாயில். அவரிடம் போனில் அனுமதி வாங்கி, செங்கல் அடுக்கி இரண்டு குழிகள் கட்டினார். இலையை ஒரு அடுக்கு, சாணியை ஒரு அடுக்கு, மேலே கொஞ்சம் மண் என்று போட்டு, தண்ணீர் தெளித்து, மக்க வைத்தார்.

அதிலும் அவருடைய தபால் புத்தி போகவில்லை. வேப்பிலை தனி, மாவிலை தனி. போகன்வில்லா முள் வேண்டாம். நைலான் நூலில் கட்டிய மாலை வேண்டாம். ஆயுத பூஜை முடிந்ததும் வருகிற வாழைக்கன்றுகளை வெட்டித் துண்டாக்கிப் போடுவார். குங்குமம் தடவி உடைத்த பூசணியைத் தனியாக ஓரத்தில் ஒதுக்கி வைப்பார், அதற்குள் ஒளிந்திருக்கும் சில்லறைக்காக. இலைக்கு அடியில் குழந்தையின் டயப்பரை மறைத்துக் கொடுக்கும் மகராசிகளும் தெருவில் உண்டு. அதை ஒரு குச்சியில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய், "இது தப்பான விலாசத்துக்கு வந்துடுத்தும்மா" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர்கள் மறுபடி அதைச் செய்ததில்லை.

ஆறு மாதத்தில் கறுகறுவென்று உரம் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். தெருவில் புகை நின்றது. நான் இருமாமல் வியாபாரம் பார்த்தேன். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குழியில்தான் புழுக்கள் வந்தன. கட்டைவிரல் பருமனில், வெள்ளை வெளேரென்று, தலை மட்டும் பழுப்பாக, சுருண்டு படுத்திருக்கும். பார்த்தால் எனக்குக் குமட்டும். அவருக்கோ அவற்றைக் கண்டால் அப்படி ஒரு பூரிப்பு. மண்புழு உரம் செய்கிறது என்று எங்கேயோ படித்திருந்தார். இதுவும் அந்தச் சாதிதான், இன்னும் கொஞ்சம் கொழுத்தது, என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. குழியைக் கிளறும்போது மண்வெட்டி படாமல் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இன்னொரு குழிக்குப் பத்திரமாக மாற்றுவார். கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவாரே தவிர அடிக்க மாட்டார், அப்படிப்பட்ட மனுஷன். குழி பார்க்க வருகிறவர்களிடம், "இவாதான் என் ஸ்டாஃப். லீவு கிடையாது, யூனியன் கிடையாது" என்று அறிமுகம் செய்து வைப்பார். மாமி தலையில் அடித்துக்கொள்வார்.

சாயங்காலங்களில் அவர் வீட்டு வராண்டா விளக்குக்குக் கறுப்பாக, கொம்பு வைத்த வண்டுகள் வந்து சுவரில் மோதி விழும். மாமி துடைப்பத்தை எடுப்பதற்குள் அவர் ஒரு காகிதத்தில் வாரி வெளியே பறக்க விடுவார். அந்தப் புழுதான் இந்த வண்டு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

காலி மனையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடி அக்கா வீடு. செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். அவர் கணவர் சோணை இங்கே வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த தென்னம்பிள்ளை ஒன்றைக் கொல்லையில் நட்டார். அடுத்த வருஷமே நெஞ்சு வலியில் போய்விட்டார். அந்த மரத்தை அக்கா மரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'பிள்ளை' என்றுதான் சொல்லுவார். முதல் பாளை வெடித்த அன்று தெருவுக்கே பாயசம் கொடுத்தார். எனக்கு இரண்டு டம்ளர் கிடைத்தது.

மகன் செல்வக்குமார் ஆரப்பாளையத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்தான். மேலூரிலிருந்து ரோகிணியைக் கட்டிக்கொண்டு வந்தான். அதிகம் பேசாத பெண். அவளோடு சீராக ஒரு வாஷிங் மெஷின் வந்தது. கொல்லையில் வைத்து, அதன் குழாயைச் செல்வக்குமார்தான் தென்னைப் பக்கம் திருப்பிவிட்டான். ஜெயக்கொடி அக்காவுக்கு அந்த மெஷினே பிடிக்கவில்லை. கையால் துவைக்கத் தெரியாத பெண்ணை அனுப்பிவிட்டு மெஷினைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று என்னிடமே குறைப்பட்டிருக்கிறார்.

மறு வருஷம் தென்னைக்குச் சீக்கு வந்தது. புதிதாக விரிகிற மட்டைகள் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டதுபோல வந்தன. மரம் ஏறும் சுருளியைக் கூப்பிட்டார்கள். அவன் கொக்கிக் கம்பியைக் குருத்துக்குள் விட்டு இரண்டு மூன்று வண்டுகளைக் குத்தி எடுத்து, வேப்பம்புண்ணாக்கும் மணலும் போட்டுவிட்டு இறங்கினான். வண்டு எங்கிருந்து வருகிறது என்று அவனை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று ஜெயக்கொடி அக்கா நினைத்துவிட்டார். மரம் தெம்பாக இருந்தால் வண்டு ஏன் வருகிறது? சோப்புத் தண்ணீர் குடித்து வேர் செத்துப்போயிற்று. நோஞ்சான் பிள்ளையைத்தானே சீக்கு பிடிக்கும்? இதுதான் அவர் கணக்கு. அன்றிலிருந்து ரோகிணிக்குத் தினமும் அர்ச்சனைதான்.

அந்த வண்டுகளை ஒரு சிரட்டையில் போட்டு அக்கா தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். பட்டாபிராமன் சாரும் பார்த்தார். வராண்டாவுக்கு வரும் வண்டாச்சே என்று தோன்றியதாம். அதோடு விட்டுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, உரம் சலிப்பதற்காகப் பழைய குழியின் அடிவரை தோண்டியிருக்கிறார். அடியில் கோழி முட்டை அளவுக்கு ஒரு மண் உருண்டை. உடைத்தால் உள்ளே பாதி புழு, பாதி வண்டு. தலையில் சின்னக் கொம்பு முளைத்திருந்தது. இன்னொன்றை உடைத்தார். அதில் முழு வண்டு, கால்களை மடக்கி, வெளியே கிளம்பத் தயாராக இருந்தது. எத்தனையை இப்படிக் கையால் எடுத்து இடம் மாற்றி, சாணி போட்டு வளர்த்து, கடைசியில் காகிதத்தில் வாரிப் பறக்கவும் விட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்ததாம். சரியாக அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடி அக்கா குரல் கேட்டது. ரோகிணியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த நாளைக்கு வரவில்லை. காரணம் இதுதான். எங்கள் தெருவின் இலைக் குழியைக் கேள்விப்பட்டு, மாநகராட்சி அதிகாரிகள் அடுத்த மாதம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிடித்திருந்தால் மற்றத் தெருக்களிலும் இதே மாதிரி செய்வதாகப் பேச்சு. இப்போது போய், இந்தக் குழியிலிருந்து கிளம்பிய வண்டுதான் தென்னையைத் தின்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? குழியை மூடச் சொல்லுவார்கள். மறுபடி கொளுத்துவார்கள். அவர் பாடுபட்டது அத்தனையும் பாழ். அதிகாரிகள் வந்து போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். ஆசைதான். நல்ல காரியத்தின் மேல் வைத்த ஆசையும் ஆசைதானே?

ஆனால் குழியைச் சுத்தம் செய்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன், அப்போது எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் தினமும் காலையில் அவர் காலி மனையில் தார்ப்பாயை விரித்து, குழியிலிருந்த புழுக்களை எல்லாம் வாரிக் கொட்டினார். காக்கைகள் இறங்கின. மைனாக்கள் வந்தன. ஜகதாம்பாள் மாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா திவசத்துக்குக்கூட இத்தனை காக்கா வரலையேன்னா" என்றார். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். கொசுவை அடிக்காத மனுஷன், காக்கை கொத்துவதைப் பார்க்க முடியாமல் நின்றார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புழுவை ஒழித்துவிட்டார். ஏற்கெனவே பறந்துபோன வண்டுகளை என்ன செய்ய முடியும்?

அதிகாரிகள் வந்தார்கள். குழியைப் பார்த்தார்கள். உரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாருக்குச் சால்வை போர்த்தினார்கள். போட்டோவுக்கு நான்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதில் அவர் முகம், ஏதோ கெட்ட சேதி கேட்டவர் முகம்போல இருந்தது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொம்பு வண்டு போட்ட ஓட்டை வழியாக அதற்குள் சிவப்புக் கூன்வண்டும் இறங்கியிருந்தது. அது வந்தால் மரம் பிழைக்காது. ஐப்பசி மழையில் ஒரு நாள் பகலில் தென்னையின் தலை அப்படியே முறிந்து கொல்லையில் விழுந்தது. சத்தம் கேட்டு நாங்கள் எல்லாம் ஓடினோம். ஜெயக்கொடி அக்கா மழையில் நனைந்தபடி, விழுந்த குருத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரோகிணி குடை கொண்டுவந்து பிடித்தாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம்.

அக்கா குடையைத் தட்டிவிட்டார். தெருவே கேட்க ஒரு வார்த்தை சொன்னார்.

"எம் புருசன் வச்ச பிள்ளையவே கொன்னுட்ட. வயித்துல இருக்குற பிள்ளைய நீ எங்க வளக்கப்போற?"

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஜெயக்கொடி அக்கா கெட்டவர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயத்தோடு முதலில் வந்து நிற்பவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். ரோகிணி அழவில்லை. குடையை எடுத்து மடக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் மேலூருக்குக் கிளம்பிவிட்டாள். பத்து நாள் கழித்து செல்வக்குமாரும் துணிமணியைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய், தினமும் ஆரப்பாளையத்துக்கு பஸ்ஸில் வந்து போனான். மெஷினை ஒரு குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பட்டாபிராமன் சாரும் அந்தக் கூட்டத்தில் நின்றார். அந்த நிமிஷம் அவர் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எரிகிற நேரத்தில் எண்ணெய் ஊற்றக்கூடாது, ஆறட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். பிறகு, அந்தப் பெண்தான் போய்விட்டாளே, இனிமேல் சொல்லி என்ன என்று நினைத்தாராம். பிறகு, எப்படியும் வளைகாப்புக்குச் சேர்ந்துகொள்வார்கள் என்று நினைத்தாராம். வளைகாப்பு மேலூரிலேயே நடந்தது. ஜெயக்கொடி அக்காவுக்குப் போனில்கூடச் சொல்லவில்லை. கேள்விப்பட்டு அக்கா வாங்கி வைத்திருந்த கண்ணாடி வளையல்கள் பெட்டியோடு அலமாரியிலேயே இருந்தன.

பெண் குழந்தை பிறந்த சேதி இருபது நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகத்தான் அக்காவுக்கு வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மணி அடித்துக்கொண்டு இலை வாங்க வந்த சார், அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். அக்கா துடைப்பமும் கையுமாக அழுதுகொண்டிருந்தார். அதற்கு மேல் சாரால் மறைக்க முடியவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். புழு, மண் உருண்டை, காக்கை, சால்வை எல்லாம்.

ஜெயக்கொடி அக்கா கத்துவார், கையில் இருக்கிற துடைப்பத்தை வீசுவார் என்று கடையிலிருந்து பார்த்த நான் நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"மரத்த விடுங்க சாமி. நான் பேசுனத எப்பிடி அள்ளுறது? கெளம்புங்க. அந்தப் புள்ள முன்னாடி வந்து இதச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பாது."

டிரை சைக்கிளை இலையோடு என் கடை வாசலில் விட்டுவிட்டு, இரண்டு பேரும் கிளம்பினார்கள். மாட்டுத்தாவணி போய் மேலூர் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் வளையல் பெட்டி அக்கா மடியில் இருந்ததாம்.

மேலூரில் ரோகிணியின் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். ரோகிணிதான் உள்ளே வரச் சொன்னாள். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பட்டாபிராமன் சார் உட்காராமல் நின்றபடியே சொன்னார். என் குழியில் வளர்ந்த வண்டு, நீ ஊற்றிய தண்ணீருக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை, எனக்கு முன்னமே தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன், என்னை மன்னித்துவிடம்மா என்று கை கூப்பினார். ஜெயக்கொடி அக்கா அதற்குள் அவள் காலடியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை அவள் உதறவில்லை. எழுந்து குழந்தையைத் தூக்கி மாமியார் மடியில் வைத்தாள். கேட்டவரைக்கும் அது நல்லபடிதான் முடிந்தது. அக்கா இப்போது மாதம் ஒரு தடவை போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறார். ரோகிணி மட்டும் பசுமலை வீட்டுக்குத் திரும்பவில்லை. வரமாட்டாள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

சார் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தனியாகத் திரும்பி வந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் சொன்னார். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "விடுங்க சார், தெரியாமச் செஞ்சதுதான. கடைசியில போய்ச் சொல்லிட்டீங்கள்ல. அந்தப் புள்ளயும் மன்னிச்சிருச்சு" என்றேன்.

"மன்னிச்சுட்டா ராம்கி. 'பரவால்ல சார்'னுதான் சொன்னா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கிளம்பும்போது வாசல்வரை வந்து அவள் சொன்னதைச் சொன்னார்.

"தண்ணிய நான் ஊத்தவே இல்ல சார். அத்தை மொதத் தடவ சொன்ன அன்னைக்கே குழாயச் சாக்கடைப் பக்கம் திருப்பிட்டேன். அவுங்க வந்து பாக்கவே இல்ல. தெனமும் திட்டுவாங்க. அந்த நேரத்துல செவுத்துக்கு அந்தப் பக்கம் உங்க மண்வெட்டிச் சத்தம் நின்னுரும். சார் கேக்குறாரு, என்னைக்காச்சும் ஒரு நாள் நமக்காக ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நெனச்சேன். கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடியும் வெட்ட ஆரம்பிச்சிருவீங்க."